கெய்ன் திருகைத் தொடுவதற்கு முன்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவைச் சுற்றியுள்ள சாலைகளில் கார்கள் ஊர்ந்துதான் போகும். ஏற்றி மூடிய கண்ணாடிகளையும் தாண்டிப் பாட்டு வெளியே வரும். அந்தப் பாட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒரு காரில் தவில் தவிலாகவே ஒலிக்கும். அடி விழுந்ததும் தெளிவாக நிற்கும். இன்னொரு காரில் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும். பாடகர் குரல் தடித்துப் போயிருக்கும். பின்னால் எண்பலகை அதிரும். இரண்டாவது காரில் இருப்பது மட்டமான கருவி என்று சொல்லிவிட முடியாது. நல்ல ஆம்ப்ளிபையரும் விலை உயர்ந்த வூஃபரும் அதில் இருக்கலாம். கோளாறு பெரும்பாலும் ஆம்ப்ளிபையரின் ஓரத்தில் உள்ள ஒரு சிறிய திருகில் இருக்கிறது. அதற்குப் பெயர் கெய்ன்.

கார் ஆடியோ பூட்டும் கடைகளில் அன்றாடம் கேட்கும் உரையாடல் இது. “அண்ணே, பேஸ் பத்தல, கெய்ன இன்னும் கொஞ்சம் ஏத்திவிடுங்க.” “ஏத்தலாம் தம்பி, ஆனா வூஃபர் தாங்காது.” கேட்பவருக்கு ஏன் தாங்காது என்று தெரியாது. சொல்பவருக்கும் அது அனுபவத்தில் தெரிந்ததே தவிர, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் காதுதான் முடிவு செய்கிறது. அந்த முடிவைக் காதிடம் விட வேண்டியதில்லை. வீட்டு மின்வேலைக்குப் பயன்படுத்தும் சாதாரண மல்டிமீட்டரும், பள்ளியில் படித்த ஒரு சூத்திரமும் போதும். சரியான இடம் எண்ணாகவே கிடைத்துவிடும்.

கெய்ன் செய்யும் வேலை

கார் ஸ்டீரியோவின் பின்புறத்திலிருந்து ஆர்.சி.ஏ. கம்பி வழியாக ஆம்ப்ளிபையருக்குப் போவது மிகச் சிறிய மின்னழுத்தம். சில ஸ்டீரியோக்கள் அதிகபட்சம் 2 வோல்ட் அனுப்பும். விலை கூடியவை 4 அல்லது 5 வோல்ட் அனுப்பும். வாங்குபவரிடம் எந்த ஸ்டீரியோ இருக்கிறது என்பது ஆம்ப்ளிபையரைச் செய்பவருக்குத் தெரியாது. அதனால் ஏறத்தாழ 0.2 வோல்ட் முதல் 6 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு திருகை வைத்துவிடுகிறார். தையல்காரர் ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் சட்டை தைப்பதைப்போல, இந்த ஸ்டீரியோவுக்கு இந்த ஆம்ப்ளிபையரைப் பொருத்துவது மட்டுமே கெய்னின் வேலை. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்டீரியோவில் தனித் திருகு இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரக்கூடிய ஆம்ப்ளிபையர் ஒன்று இருக்கிறது. அந்த 100 வாட்டைத் தர அதன் வெளிமுனையில் 20 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டீரியோ 2 வோல்ட் அனுப்பினால், அதைப் பத்து மடங்கு பெருக்கினால் போதும். கெய்னைக் கடைசிவரை திருகி வைத்தால் ஆம்ப்ளிபையர் நூறு மடங்கு பெருக்க முயலும். அப்போது வெளிமுனையில் 200 வோல்ட் வர வேண்டும். வராது. ஆம்ப்ளிபையருக்குள் இருக்கும் மின்வழங்கி தரும் உச்சத்துக்கு மேல் ஒரு வோல்ட்கூட ஏற வழியில்லை. ஆக, கெய்னை எவ்வளவு ஏற்றினாலும் 100 வாட் ஆம்ப்ளிபையர் 300 வாட் ஆகிவிடாது. அதே உச்சத்தை ஸ்டீரியோவின் குறைந்த வால்யூமிலேயே தொட்டுவிடும், அவ்வளவுதான். வால்யூமை அதற்கு மேல் ஏற்றும்போது அலை சிதையத் தொடங்கும்.

தலை வெட்டுப்பட்ட அலை

சிதையாத ஒலியலை மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கும். ஆம்ப்ளிபையரால் எட்ட முடியாத உயரத்துக்கு அது போக முயன்றால், உச்சியிலுள்ள வளைவு மறைந்து தட்டையாகிவிடும். பூட்டுபவர்கள் இதைக் கிளிப்பிங் என்கிறார்கள். முற்றிலும் தட்டையாகிப் போனால் அலை கிட்டத்தட்டச் சதுர வடிவத்துக்கு வந்துவிடும்.

இதனால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. முதலாவது வெப்பம். ஆர்.எம்.எஸ். என்ற பயனுறு அளவில் 20 வோல்ட் உள்ள வளைந்த அலையின் உச்சம் சுமார் 28 வோல்ட். அதே உச்சமுள்ள சதுர அலை 4 ஓம் ஸ்பீக்கருக்குள் 200 வாட்டைச் செலுத்தும். அதாவது சரியாக இரு மடங்கு. பெட்டியின் மேல் 100 வாட் என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிபையர், அளவு மீறி ஓட்டினால் 100 வாட்டுக்கு மேலும் தள்ளும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

உண்மைப் பாட்டில் நிலைமை இன்னும் மோசம். சிதையாமல் ஓடும் பாட்டில் உரத்த அடிகள் கணநேரமே வந்து போகும். இடையில் மெல்லிய பகுதிகள் நிறைய இருக்கும். அதனால் 100 வாட் உச்சத்தைத் தொட்டுப் போகும் பாட்டின் சராசரி 10 வாட் அளவிலேயே இருப்பது வழக்கம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருள் ஆறுவதற்கு அந்த இடைவெளிகள்தான் நேரம் தருகின்றன. கெய்னை மிகையாக ஏற்றினால் மெல்லிய பகுதிகளும் உயர்ந்து உச்சத்தின் அருகே வந்துவிடும். இடைவெளி குறையும், சராசரி வாட் பல மடங்கு ஏறும், காயிலுக்கு ஆற நேரமே இருக்காது.

ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். மீதி எல்லாம் வெப்பம். 1925-இல் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் உருவாக்கிய இயங்குசுருள் ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்புதான் இன்றும் நம் கார்க் கதவுகளில் இருக்கிறது. காந்த இடுக்குக்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று ஆடுகிறது. அந்தச் சுருளைத் தாங்குவது பசை. பசை உருகினால் சுருள் கழன்று காந்தத்தில் உரசும். கம்பியின் மேற்பூச்சு கருகினால் சுருளுக்குள் குறுக்குச்சுற்று ஏற்படும் அல்லது சுருள் அறுந்துபோகும். எரிந்த வூஃபரிலிருந்து வரும் அந்த நெடி, பசையும் பூச்சும் கருகிய நெடிதான்.

இரண்டாவது கேடு, பாட்டில் இல்லாத ஒலிகள் பிறப்பது. பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில், எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்று காட்டினார். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதை விளக்க அவர் எழுதிய நூல் அது. அந்தக் கணக்கின்படி ஒரு சதுர அலைக்குள் மூல அலையோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வெண்களும் இருக்கின்றன. 1000 ஹெர்ட்ஸ் குரலின் தலை வெட்டுப்பட்டால் 3000, 5000, 7000 ஹெர்ட்ஸில் புதிய ஒலிகள் தோன்றும். அவற்றில் பெரும்பங்கு, உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு நேராகப் போகும். இயல்பான பாட்டில் உயர்ந்த அதிர்வெண்களின் ஆற்றல் குறைவு என்பதால், ட்வீட்டரின் சுருளை மிக மெல்லியதாகவே செய்கிறார்கள். வழக்கமில்லாத இந்தச் சுமை அதை முதலில் கொன்றுவிடும்.

வூஃபருக்கும் இது பொருந்தும். 50 ஹெர்ட்ஸ் அடி வெட்டுப்பட்டால் 150, 250, 350 ஹெர்ட்ஸ் ஒலிகள் பிறக்கும். ஆம்ப்ளிபையரில் 80 ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டிருந்தாலும் பயனில்லை. வடிகட்டல் முதலில் நடக்கிறது. பெருக்கல் அதற்குப் பிறகு நடக்கிறது. வெட்டு விழுவது அந்தக் கடைசிக் கட்டத்தில். தவில் அடிக்குப் பின்னால் கேட்கும் கரகரப்பு இதுதான்.

இவ்வளவு கேட்டையும் தாங்கிக்கொண்டு கிடைக்கும் கூடுதல் சத்தம் எவ்வளவு? வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல் கூடும். காதுக்கு இரு மடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். கெய்னைக் கடைசிவரை முறுக்குபவர், லேசாகக் கூடிய சத்தத்துக்கு விலையாக வூஃபரையே கொடுக்கிறார்.

ஸ்டீரியோ முகப்பில் எழுதியிருக்கும் 50 வாட்

வாட் கணக்கைத் தொடங்குமுன் எந்த வாட்டை நம்புவது என்று தெரிய வேண்டும். பல கார் ஸ்டீரியோக்களின் முகப்பில் 4 × 50 வாட் என்று எழுதியிருக்கும். ஓடும் காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிறிய ஆம்ப்ளிபையர், இழப்பே இல்லாமல் வேலை செய்தாலும், 14.4 வோல்ட் உச்சமுள்ள அலையைத்தான் தர முடியும். சிதையாத அலையாக அது 4 ஓமில் சுமார் 26 வாட். உள் இழப்புகளைக் கழித்தால் 20 வாட் அளவுதான் நிற்கும். அதே 14.4 வோல்ட்டை முழுச் சதுர அலையாகக் கணக்கிட்டால் 52 வாட் வரும். 50 என்ற எண் வந்த வழி அதுதான்: முழுவதும் சிதைந்த நிலையின் அளவு அது.

அதனால் பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள மேக்ஸ், பீக் என்ற எண்களை விட்டுவிட்டு, ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிட்ட எண்ணைத் தேடுங்கள். சி.இ.ஏ. 2006 என்ற தர அளவைப் பின்பற்றும் ஆம்ப்ளிபையர்களில், 14.4 வோல்ட் மின்னழுத்தத்தில், 4 ஓம் சுமையில், சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் கிடைக்கும் வாட்டைத் தருவார்கள். நம்பத் தகுந்த எண் அது.

ஒரே ஒரு சூத்திரம்

ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் ஓம் 1827-இல் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவை வெளியிட்டார். 1841-இல் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காட்டினார். இரண்டையும் சேர்த்தால் நமக்கு வேண்டிய விதி கிடைக்கிறது: வாட்டை ஓமால் பெருக்குங்கள், வரும் எண்ணின் வர்க்கமூலம் எடுங்கள், அதுதான் ஆம்ப்ளிபையரின் வெளிமுனையில் இருக்க வேண்டிய வோல்ட்.

4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் என்றால் 14.1 வோல்ட். 75 வாட் என்றால் 17.3 வோல்ட். 100 வாட் என்றால் 20 வோல்ட். 2 ஓம் வூஃபருக்கு 300 வாட் என்றால் 24.5 வோல்ட், 500 வாட் என்றால் 31.6 வோல்ட். அதே 500 வாட் 1 ஓமில் 22.4 வோல்ட், 4 ஓமில் 44.7 வோல்ட். ஓம் மாறினால் வோல்ட் மாறுகிறது. அதனால் நண்பரின் காரில் வைத்த எண்ணை உங்கள் காரில் வைக்கக் கூடாது.

எந்த வாட்டைக் கணக்கில் எடுப்பது? ஆம்ப்ளிபையரின் ஆர்.எம்.எஸ்., ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். இரண்டில் எது குறைவோ அதை. ஆம்ப்ளிபையர் 500 வாட், வூஃபர் 300 வாட் என்றால் கணக்கு 300 வாட்டுக்குத்தான். எந்த ஓம்? உண்மையில் இணைத்திருக்கும் ஓம். இரண்டு 4 ஓம் சுருள்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 2 ஓம். தொடர் இணைப்பில் சேர்த்தால் 8 ஓம். மீட்டரை ஓம் அளவில் வைத்துச் சரிபாருங்கள். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.7 வரை காட்டுவது இயல்பு. ஆம்ப்ளிபையர் தாங்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள்.

எந்த மீட்டர்

பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியாளர் டொனால்ட் மெக்காடி, மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் மின்தடைக்கும் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து அலுத்துப்போய், மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923-இல் அது ஏவோ மீட்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று புடுவில் ஜாலான் பசாரில் உள்ள மின்னணுப் பொருள் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் மஞ்சள், சிவப்பு மீட்டர்கள் எல்லாம் அதன் வாரிசுகள்.

வாங்கும்போது இரண்டு விவரங்களைப் பாருங்கள். ஏ.சி. வோல்ட் அளவில் 20 வோல்ட்டைத் தசமத்தோடு காட்ட வேண்டும். ஒரே அதிர்வெண்ணில் தொடர்ந்து ஒலிக்கும் சோதனை ஒலியை ஓடவிட்டுத்தான் அளக்கப் போகிறோம் என்பதால், எந்த அதிர்வெண் வரை சரியாகக் காட்டும் என்பதும் தெரிய வேண்டும். மலிவான மீட்டர்கள் பல, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை மனத்தில் வைத்துச் செய்தவை. 400 ஹெர்ட்ஸ் வரையே அவற்றின் ஏ.சி. அளவு நம்பகமானது. 1000 ஹெர்ட்ஸில் அவை குறைத்துக் காட்டலாம். குறைத்துக் காட்டும் மீட்டரை நம்பினால் நாம் கெய்னை மிகையாக ஏற்றிவிடுவோம். அத்தகைய மீட்டர் இருந்தால், கதவு ஸ்பீக்கர்களுக்கு 300 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் பயன்படுத்துங்கள். வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண் மலிவான மீட்டருக்கும் பழகியதே.

செய்முறை

முதலில் காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். பேட்டரி மின்னழுத்தம் இறங்காமல் இருக்க இயந்திரம் ஓட வேண்டியிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூடிய கார் நிறுத்துமிடத்தில் அதைச் செய்யவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆம்ப்ளிபையரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றுங்கள். சோதனை ஒலி தொடர்ச்சியாக ஓடும். ஸ்பீக்கர் இணைப்பில் இருந்தால் அந்தச் சில நிமிடங்களே அதை எரித்துவிடக்கூடும். கழற்றிய கம்பிகளின் முனைகள் ஒன்றையொன்று தொடாமல் டேப் சுற்றி வையுங்கள்.

கெய்னை முழுவதும் குறையுங்கள். ஆம்ப்ளிபையரில் பேஸ் பூஸ்ட் இருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டீரியோவில் பேஸ், ட்ரெபிள், ஈக்குவலைசர் அனைத்தையும் சமநிலையில் வையுங்கள், லவுட்னஸை அணையுங்கள். பாட்டுச் செயலியில் ஒலி அளவைத் தானாகச் சமன் செய்யும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக வாசித்தால் கைப்பேசியின் வால்யூமை முழுவதும் ஏற்றிவிடுங்கள்.

அடுத்து, ஸ்டீரியோவின் வால்யூமைச் சிதையாத அதிகபட்ச அளவில் நிறுத்த வேண்டும். பொதுவாக முக்கால் பங்கு என்பார்கள். 40 வரை போகும் ஸ்டீரியோவில் 30. மீட்டரைக் கொண்டு இதையும் ஓரளவு சோதிக்கலாம். முழு அளவில் பதிவு செய்த சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆர்.சி.ஏ. முனையில் மீட்டரை வைத்து வால்யூமை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் வோல்ட் ஒரே விகிதத்தில் ஏறிக்கொண்டே வரும். ஏறும் வேகம் தளரும் இடத்தில் ஸ்டீரியோவே சிதைக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கு ஒன்றிரண்டு படி கீழே நிறுத்துங்கள். இனி அந்த எண்ணைத் தாண்டி வால்யூமை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஸ்டீரியோவில் பிறந்த சிதைவை எந்த ஆம்ப்ளிபையராலும் திருத்த முடியாது.

இப்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கர் முனைகளில் முள்களைப் பிடியுங்கள். இரண்டு சேனலைச் சேர்த்து ஒரு வூஃபரை இயக்குவதாக இருந்தால், பிரிட்ஜ் என்று குறித்த இரு முனைகளில் அளக்க வேண்டும். கெய்னை மிக மெதுவாகத் திருப்புங்கள். கணக்கிட்ட வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். இடது, வலது இரண்டும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பாருங்கள். பிறகு அனைத்தையும் அணைத்து, ஸ்பீக்கர்களை இணைத்து, வால்யூமைக் குறைத்து வைத்துப் பாட்டைப் போடுங்கள். வேலை முடிந்தது. திருகின் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருகி வோல்ட் அளக்கவே கூடாது. அந்தத் துளைக்குள் மின்தடை கிட்டத்தட்ட இல்லை. ஆம்ப்ளிபையரின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் நேராக இணைத்ததற்குச் சமம். பேட்டரியில் அப்படி வைத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மீட்டர் முள்கள் நழுவி இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டாலும் ஆம்ப்ளிபையர் சேதமாகலாம். பெரிய ஆம்ப்ளிபையரின் வெளிமுனையில் 40 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதால், வியர்த்த கையோடு வெற்று முனைகளைத் தொடாதீர்கள். மைனஸ் முனையைக் காரின் உடலோடு இணைக்காதீர்கள். இன்றைய ஆம்ப்ளிபையர்கள் பலவற்றில் அந்த முனையிலும் அலை ஓடுகிறது.

கெய்னைச் சரியாக வைத்தும் மின்கம்பி சரியில்லையென்றால் பாதுகாப்பு இல்லை. 500 வாட் டி வகுப்பு ஆம்ப்ளிபையர் 80 சதவீதத் திறனில் ஓடினால், 625 வாட்டைப் பேட்டரியிலிருந்து இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது சுமார் 45 ஆம்பியர். அதைத் தாங்கும் தடிமனில் கம்பி வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பிகளும் கடைகளில் கிடைக்கின்றன. முழுச் செம்பைவிட அவற்றின் கடத்தும் திறன் குறைவு என்பதால் ஒரு படி தடிமனாக வாங்க வேண்டும். கம்பியின் அளவுக்கேற்ற ஃபியூஸைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் வையுங்கள். அந்தக் கம்பி எங்காவது உரசிக் காரின் உடலைத் தொட்டால் தீயைத் தடுப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான். மின்கம்பி வேலையைத் தொடங்கும்முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

மீட்டர் காட்டாதவை

மீட்டர் அலையின் அளவைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. பெட்டியில் 500 வாட் என்று எழுதியிருந்து, உண்மையில் 300 வாட்டிலேயே சிதையும் ஆம்ப்ளிபையராக இருந்தால், கணக்கிட்ட வோல்ட் வருமுன்னரே அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கும். மீட்டர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். வடிவத்தைக் கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். அந்தக் கருவி வைத்திருக்கும் கடையில் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. மீட்டர் மட்டுமே இருந்தால், கணக்கிட்ட வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து நிறுத்துங்கள். வாட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காதில் ஒரு டெசிபெல்கூடக் குறையாது.

இன்னொரு சிக்கல் பாட்டிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் மஸ்ஜித் இந்தியாவின் கடைகளில் ஒலிநாடாவாக வாங்கிக் கேட்ட இளையராஜா பாடல்களில், மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடைவெளி அகலம். இன்றைய பாடல்கள் தொடக்கம் முதல் முடிவு வரை உச்சத்தை ஒட்டியே பதிவாகின்றன. முழு அளவுச் சோதனை ஒலியில் கெய்ன் வைத்தால், பழைய பாடல்கள் சற்றுத் தணிந்து கேட்கும். அந்த இடத்தில்தான் கை மறுபடியும் திருகை நோக்கிப் போகும். பழைய பாடல்களையே பெரும்பாலும் கேட்பவர்கள், 5 டெசிபெல் குறைத்துப் பதிவு செய்த சோதனை ஒலியைக் கொண்டு அதே வோல்ட்டில் நிறுத்தலாம். அப்படி வைத்த பிறகு புதிய பாடல்களுக்கு வால்யூமைச் சில படிகள் கீழே வைத்துக் கேட்க வேண்டும்.

காதுக்கு ஃபியூஸ் கிடையாது. வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நாள்தோறும் நெரிசலில் வந்து போகிறவர், உரத்த பாட்டோடு அந்த நேரத்தை வாரத்தின் முதல் சில நாள்களிலேயே கடந்துவிடுவார். வூஃபர் போனால் புதிதாக வாங்கலாம். உள்காதின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

கார் ஆடியோ பூட்டும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் முன்னிலையில் மீட்டரை வைத்து வோல்ட்டைக் காட்டுங்கள். அந்த எண்ணையும், தாண்டக் கூடாத வால்யூம் எண்ணையும் ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்கள் அதைக் கேட்டுப் பெறுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் போதவில்லை என்றால், அந்த ஆம்ப்ளிபையரின் எல்லை அவ்வளவுதான் என்று பொருள். பெரிய ஆம்ப்ளிபையரோ, அதே வாட்டில் அதிக ஒலி தரும் ஸ்பீக்கரோ வாங்குங்கள். கெய்ன் திருகை மட்டும் தொடாதீர்கள்.